கைத்தட்டு நிற்காத வரைக்கும் பாட்டு நிற்காது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)





"நம்ம பெண்களோட கலையைப் பத்தி நீ பேசு" என்று என்னிடம் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். இரண்டு மாடு, மூன்று பிள்ளைகள், குழு நோட்டு எழுதுவது என்று என் நாள் போய்விடும். பெரிய புத்தகங்களைப் படித்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. ஆனால் கும்மி எனக்குத் தெரியும். எட்டு வயதில் எங்க அப்பத்தா பாவாடையைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்தவள். அதனால் கும்மியில் இருக்கிற ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். நோட்டில் எழுதி வைக்காமல், முன்கூட்டி யோசிக்காமல், நின்ன இடத்தில் வாயில் கட்டுகிற பாட்டு இருக்கிறதே, அதுதான். அது எப்படி வருகிறது, அதனால் நமக்கு என்ன கிடைத்திருக்கிறது, இப்போது அதுக்கு என்ன ஆபத்து வந்திருக்கிறது, இந்த மூன்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம்ம சிவகங்கை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போடுவது உங்களுக்குத் தெரியும். நவதானியத்தை ஊற வைத்து, ஓட்டில் எருவும் மண்ணும் போட்டு விதைத்து, வெளிச்சம் படாத வீட்டுக்குள் வைத்து வளர்ப்போம். பயிர் வெளிர் மஞ்சளாக ஒரு முழத்துக்கு நிற்கும். அதைத் தலையில் தூக்கிக் கரைக்கப் போகிற வரைக்கும் ராத்திரி ராத்திரி பெண்கள் கூடி முளைக்கொட்டுவோம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, காப்புக் கட்டினதில் இருந்து எட்டு நாள், ஒன்பது நாள்.

இத்தனை ராத்திரிக்கும் பாட்டுக்கு எங்கே போவது? முதலில் அம்மனைக் கூப்பிடுகிற பாட்டு. அது பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது, ஒரு சொல் மாற்றக் கூடாது. பிறகு மழை வேண்டிப் பாடுவோம், வெள்ளாமையைப் பாடுவோம். அதுவும் பாதி பழசு, பாதி புதுசு. மணி பத்தைத் தாண்டி, பூசாரி வீட்டுக்குப் போய், ஆம்பளைகள் திண்ணையில் சாய்ந்த பிறகுதான் நம்ம கச்சேரி. யார் வீட்டில் மருமகள் வந்திருக்கிறாள், யார் மாமியார் கோவிச்சுக்கிட்டு இருக்கிறாள், யார் புதுச் சேலை கட்டி வந்திருக்கிறாள், எல்லாம் பாட்டில் வரும். போன வருஷம் பாடினது இந்த வருஷம் வராது. நேற்றுப் பாடினது இன்றைக்கு வராது.

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ வரம் மாதிரி தெரியும். "அவளுக்குப் பாட்டு தானா வருதுடி" என்று சொல்வார்கள். தானாக வருவதில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை எங்க அப்பத்தா எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வட்டத்தில் நின்று நின்று நானே பார்த்துக்கொண்டது.

முதல் விஷயம், கைத்தட்டு. ஒரு தட்டோ, மூன்று தட்டோ, குனிந்து ஒன்று நிமிர்ந்து ஒன்றோ, எதுவாக இருந்தாலும் அது நிற்கக் கூடாது. பாடுகிறவள் தடுமாறினாலும் தட்டு தடுமாறக் கூடாது. தட்டு நமக்குத் தரை மாதிரி. தரை ஆடாமல் இருந்தால்தான் மேலே நிற்கிறவள் குதிக்கலாம்.

இரண்டாவது, பின்பாட்டு. முன்னால் பாடுகிறவள் ஒரு வரி சொன்னால் வட்டமே அதைத் திருப்பிச் சொல்லும், சில ஊரில் இரண்டு தடவை சொல்லும். இது சும்மா வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. அத்தனை பேரும் திருப்பிச் சொல்கிற அந்த நேரத்தில்தான் அவள் அடுத்த வரியை யோசிக்கிறாள். இருபது பேர் சேர்ந்து ஒருத்திக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறோம். அதுவும் பத்தாமல் போனால் "தன்னானே தானன்னே" என்று நாலு சுற்று இழுத்து விடுவோம். அதற்குள் அவளுக்கு வந்துவிடும்.

மூன்றாவது, எழுத்து. பள்ளிக்கூடத்தில் எதுகை, மோனை என்று மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அதேதான். படிக்காத எங்க அப்பத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் "ப"வில் ஆரம்பித்தால் அடுத்த சொல்லும் "ப"வில் வரும் என்று அவள் வாய்க்குத் தெரியும். ஒரு சொல் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்.

உதாரணத்துக்கு எங்க குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் முடிந்து குழுக் கூட்டம் போட்டிருந்தோம். எப்போதும் நேரம் கழித்து வருகிற ஒரு அக்கா அன்றைக்கும் மெதுவாக வந்தது. கோபத்தில் சண்டை போட வேண்டிய இடம். ஆனால் ஊக்குநர் அக்கா கையைத் தட்டி இப்படி எடுத்தது:

பத்து மணிக்கே கூட்டமுன்னோம் – இந்தப்
பச்சைச் சேலைக்காரி பன்னெண்டுக்கு வந்தா!

எல்லாரும் சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்துவிட்டோம். வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே திருப்பிக் கொடுத்தது:

பன்னெண்டுக்கு வந்தா என்னாங்கடி – எம்
பணத்தை முந்தியில முடிஞ்சு வந்தேன்!

ஊக்குநர் அக்கா விடுமா?

முந்தியில முடிஞ்ச பணத்தைத்தான் – போன
மொத மாசப் பாக்கிக்கு எடுத்து வையி!

அதற்கு அந்த அக்கா சொன்னதுதான் இன்றைக்கும் எங்க ஊரில் பேச்சு:

எடுத்து வைக்கிறேன் எண்ணிக்கோங்க – நீங்க
எடுத்த கடனும் எழுதியிருக்கா?

அன்றைக்கு நோட்டை எடுத்து எல்லாருடைய கணக்கையும் சத்தமாகப் படித்தோம். ஊக்குநர் அக்கா கணக்கையும் சேர்த்துத்தான் படித்தோம். ஒரு சண்டை இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. கவனித்துப் பாருங்கள், ஒருத்தி விட்ட சொல்லை மற்றவள் பிடித்துக்கொண்டாள். பன்னெண்டில் முடித்தால் பன்னெண்டில் எடுத்தாள். முந்தியில் முடித்தால் முந்தியில் எடுத்தாள். மற்றவள் சொன்னதை முழுசாகக் காதில் வாங்கினால்தான் இப்படிப் பாட முடியும். "நான் அடுத்து என்ன சொல்லலாம்" என்று மட்டும் யோசிக்கிறவளுக்குக் கும்மியில் வாய் வராது.

நான்காவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கும்மியில் தப்பு என்று ஒன்று பெரிசாகக் கிடையாது. விழுந்ததைத் தூக்கி மாலையில் கட்டிவிடுவார்கள். எங்க தெருவுக்குப் புதுசாக வாக்கப்பட்டு வந்த ஒரு பிள்ளையை "நீ ஒண்ணு எடுத்து விடு" என்று வட்டத்தில் இழுத்துவிட்டோம். அது பயந்துபோய், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றது. ஒரு பாட்டி அதையே பாட்டாக்கிவிட்டது:

எனக்கு ஒண்ணும் தெரியாதுங்குறா – நேத்து
எட்டுப் பேருக்குச் சோறு வடிச்சா!

வட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. பிள்ளைக்கு முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த சுற்றில் அதுவே மெதுவாகச் சொன்னது:

சோறு வடிச்சது நான்தானே – ஒரு
சொட்டுக் கஞ்சியும் சிந்தலையே!

அதுதான் அந்தப் பிள்ளை நம்ம ஊரில் பத்துப் பேர் முன்னால் முதல் முதலாக வாய் திறந்தது. இப்போது அது குழுவின் பிரதிநிதி.

இந்த வித்தை கும்மிக்கு மட்டும் சொந்தம் இல்லை. நேரில் நடக்கிற எல்லா மேளத்திலும் ஆட்டத்திலும் இது இருக்கிறது. கோயிலில் இரண்டு தவில்காரர்கள் தனி வாசிக்கும்போது கவனியுங்கள். ஒருவர் நீளமாக வாசிப்பார், மற்றவர் அதற்குப் பதில் சொல்வார். போகப் போக இரண்டு பேரும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சேர்ந்து வாசித்து ஒரே இடத்தில் முடிப்பார்கள். நாகஸ்வரத்தில் ராகம் வாசிப்பதும் அப்படித்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் வாசிப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் 1956-ல் மறைந்துவிட்டார், இன்னும் பேசுகிறார்கள். இப்படி மனதில் வருவதை அந்த நேரத்தில் வாசிப்பதற்கு மனோதர்மம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம அப்பத்தாமார் செய்ததற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாண வீட்டிலும் பாருங்கள். மேளக்காரர் ஒரு பாட்டை அழகாக வாசித்துக்கொண்டே இருப்பார். தாலி எடுத்துவிட்டார்கள் என்று யாராவது கையை ஆட்டினால் போதும், பாட்டை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு கெட்டிமேளத்துக்குப் போய்விடுவார். கரகாட்டத்தில் தவில்காரர் கண் ஆடுகிறவர் காலில் இருக்கும். கால் வேகம் எடுத்தால் அடி வேகம் எடுக்கும். பறை அடிக்கிற அண்ணன்மார் பறையைத் தீயில் காய்ச்சி எடுத்து வட்டம் கட்டி நிற்கும்போது, முன்னால் அடிக்கிறவர் அடியை மாற்றினால் மற்றவர்கள் அப்படியே மாறுவார்கள். வாயால் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள், கண்ணும் காதும்தான்.

எல்லா ஆட்டத்திலும் இஷ்டத்துக்குப் போக முடியாது என்பதையும் சொல்லணும். பின்னல் கோலாட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும். மேலே கட்டின கயிற்றை ஆளுக்கு ஒன்று பிடித்து உள்ளே வெளியே என்று ஆடிப் பின்னுவோம். பிறகு அதே வழியில் திருப்பி ஆடி அவிழ்ப்போம். அங்கே ஒருத்தி புதுசாக ஏதாவது செய்கிறேன் என்று புறப்பட்டால் கயிறு முடிச்சு விழுந்துவிடும். நம்ம குழுவிலும் இரண்டும் இருக்கிறது. சேமிப்பு, உள்கடன், வட்டிக் கணக்கு எல்லாம் பின்னல் கோலாட்டம், ஒரு அடி பிசகக் கூடாது. அந்தக் கணக்குக்குள் ஒருத்தரோடு ஒருத்தர் எப்படிப் பேசுகிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பது கும்மி.

அடுத்து, இதனால் நமக்குக் கிடைத்தது என்ன?

கொல்லங்குடி கருப்பாயி அம்மாவை உங்களுக்குத் தெரியும், நம்ம மாவட்டத்துக்காரர். கிராமத்துப் பாட்டைப் பாடியே வானொலிக்குப் போனவர். 1985-ல் வந்த 'ஆண் பாவம்' படத்தில் நடித்து, பாடவும் செய்தார். பரவை முனியம்மா மதுரைக்குப் பக்கத்தில் பரவை ஊர்க்காரர். 2003-ல் 'தூள்' படத்தில் அவர் பாடி ஆடின பிறகு தமிழ்நாடே அவரைத் தெரிந்துகொண்டது. இவர்கள் எல்லாம் கிராமத்துப் பாட்டின் பிள்ளைகள்.

நம்ம பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அதில் பாட்டுக்குப் பெரிய இடம் இருந்தது. ஜனங்களுக்குப் பழகின மெட்டில் புதுச் சொல் போட்டுப் பாடினார்கள். மெட்டு பழகினதாக இருந்ததால் பயம் போனது. சொல் புதுசாக இருந்ததால் புத்தி வந்தது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசு உதவியோடு நம்ம மாதிரிச் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அதற்குப் பிறகு ஊர் ஊராகக் குழு வந்தபோதும் முதல் கூட்டங்களில் பெண்கள் பேச மாட்டார்கள், பாடச் சொன்னால் பாடுவார்கள் என்று மூத்த அக்காமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேச்சுக்கு முன்னால் வந்தது பாட்டு.

எங்க ஊரில் இன்னொன்றும் நடந்தது. முளைப்பாரி தெருவுக்குத் தெரு தனி. இந்தத் தெரு வட்டத்தில் அந்தத் தெரு பெண் வந்து கை தட்டினதை என் சின்ன வயதில் நான் பார்த்ததில்லை. கூட்டமைப்பு ஆண்டு விழாவில்தான் மூன்று தெருப் பெண்களும் முதல் தடவையாக ஒரே வட்டத்தில் நின்றோம். முதலில் யாருக்கும் கை ஒட்டவில்லை. தட்டே வேறு வேறாக இருந்தது. எங்களுக்கு மூன்று தட்டு, காலனிப் பெண்களுக்கு நடவுப் பாட்டுத் தாளம். கொஞ்ச நேரம் இரண்டும் முட்டிக்கொண்டது. பிறகு காலனியில் இருந்து வந்த ஒரு பெரியம்மா நடவு மெட்டையே எங்க தட்டுக்கு ஏற்ற மாதிரி இழுத்துப் பாடியது. அத்தனை பேரும் அதற்குப் பின்பாட்டுப் பாடினோம். அந்தப் பெரியம்மா சொன்ன வரியை எங்க தெருப் பெண்கள் திருப்பிச் சொன்னது எங்க ஊருக்குச் சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு அதைப் பிடிக்காமல் எழுந்து போனவர்களும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த வருஷம் வட்டம் பெரிசாகத்தான் ஆனது.

பாட்டில் கேலி இருக்கிறது, கேலிக்கு முறை இருக்கிறது. இதை இளம் பெண்கள் தெரிந்துகொள்ளணும். கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பாடுவோம். மதினி கொழுந்தியாளைப் பாடலாம், அத்தை மகளைப் பாடலாம். முறை இல்லாதவர்களைத் தொட மாட்டோம். அது ஏன் என்றால், முறைக்காரி திருப்பிக் கொடுப்பாள், கொடுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. குழுவில் நாம் எல்லாரும் சொந்தம் இல்லை. அதனால் நமக்கு நாமே ஒரு முறை வைத்துக்கொள்ளணும். திருப்பிப் பாட முடிகிறவளைத்தான் பாடணும். தாலி இழந்தவள், பிள்ளை இல்லாதவள், கடனில் மூழ்கினவள் இவர்களுடைய புண்ணைப் பாட்டாக்கக் கூடாது. சாதியைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, உடம்பைச் சொல்லி ஒரு வரிகூட வரக் கூடாது. ஒருத்தி முகம் சுண்டினால் முன்னால் பாடுகிறவள் அடுத்த வரியிலேயே திருப்பணும். நல்ல பாட்டுக்காரிக்கு அதுதான் அடையாளம். எங்க அப்பத்தா யாரையாவது கேலி செய்தால், மூன்றாவது வரியில் அவளையே மகராசி என்று வாழ்த்திவிட்டுத்தான் அடுத்தவளிடம் போகும்.

கடைசியாக, இதற்கு வந்திருக்கிற ஆபத்து. இரண்டு இருக்கிறது.

ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி. இப்போது விழா என்றால் ரேடியோ செட்டுக்காரரைக் கூப்பிட்டு, பென் டிரைவில் பாட்டைப் போட்டு, பிள்ளைகளை ஆட வைத்து, நாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறோம். பிள்ளைகள் அழகாக ஆடுகிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். சினிமாப் பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் பெட்டிக்குக் கண் கிடையாது. கும்மியில் முன்னால் நிற்கிறவள் வேகத்தைக் கூட்டுவாள். ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்கினால் பார்த்து இறக்குவாள். கர்ப்பிணிப் பெண் நுழைந்தால் குனிகிற அடியை விட்டுவிட்டு நின்று தட்டுகிற அடிக்கு மாற்றுவாள். பெட்டி அதே வேகத்தில் ஓடும். முடியாதவர்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்து உட்காருவார்கள். கடைசியில் வட்டத்தில் வயசுப் பிள்ளைகள் நாலு பேர்தான் மிச்சம்.

இரண்டாவது ஆபத்து பெரிசு. அது நம்ம கையிலேயே இருக்கிறது. செல்போன்.

பக்கத்து ஊராட்சியில் நடந்ததைச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம். ஒரு தங்கச்சி, நல்ல பாட்டுக்காரி. முளைக்கொட்டும்போது தன் வீட்டுக்காரர் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாமத்தில் வந்த கதையைக் கேலியாகப் பாடினாள். அவள் மாமியாரும் அதே வட்டத்தில்தான் இருந்தார். "எம் மகனுக்குச் சோறு எடுத்து வச்சியா" என்று மாமியார் பதில் பாட, அவள் அதற்குப் பதில் பாட, எல்லாருக்கும் சிரித்துச் சிரித்து வயிற்று வலி. யாரோ ஒரு பிள்ளை ஆசையாக அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் விழுந்தது அந்தத் தங்கச்சி பாடின இரண்டு வரி மட்டும்தான். மாமியார் சொன்ன பதில் இல்லை. அவளே கடைசியில் வீட்டுக்காரரை ராசா என்று வாழ்த்தினது இல்லை. மறுநாள் காலையில் அது டீக்கடையில் ஆம்பளைகள் கையில் இருந்தது. வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பொங்கல் ஆயிற்று, அவள் வட்டத்துக்கு வரவில்லை. குழுவுக்கு வருகிறாள், சேமிப்பைக் கட்டுகிறாள், கையெழுத்துப் போடுகிறாள், போய்விடுகிறாள். வாய் திறப்பதில்லை.

அதைக் கேள்விப்பட்டதில் இருந்து நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவள் பாடின அதே வரிதான். வட்டத்துக்குள் அது விளையாட்டாக இருந்தது. வெளியே போனதும் குற்றமாக ஆகிவிட்டது. வட்டத்தில் அந்த வரிக்கு முன்னால் ஒரு வரி இருந்தது, பின்னால் ஒரு பதில் இருந்தது, சுற்றி இருபது பேர் கைத்தட்டு இருந்தது. போனில் அது ஒற்றையாக நின்றது. நின்ன இடத்தில் கட்டுகிற பாட்டு நம்பிக்கையில்தான் வருகிறது. இங்கே நான் சொல்வது இங்கேயே கரைந்து போகும், முளைப்பாரியைத் தண்ணீரில் கரைக்கிற மாதிரி, என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கை போனால் பாட்டு போகும். பாட்டு போனால் அதன் பின்னாலேயே பேச்சும் போகும். அந்தத் தங்கச்சி விஷயத்தில் அதைத்தான் பார்க்கிறோம்.

"பதிவு பண்ணி வச்சாத்தானே அழியாம இருக்கும்" என்று சில பேர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அம்மன் பாட்டு, கதைப் பாட்டு, நடவு மெட்டு இதையெல்லாம் பாடுகிற அப்பத்தாமாரிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால், பகலில் உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். நானே வருகிறேன். ஆனால் பாட்டைப் பதிவு செய்யலாம், பாட்டுக் கட்டுகிற திறமையைப் பதிவு செய்ய முடியாது. நீச்சலைப் படம் எடுத்து வைத்தால் பிள்ளைக்கு நீச்சல் வருமா? கிணற்றில் இறங்கணும். அது மாதிரி வட்டத்தில் நிற்கணும்.

அதனால் கூட்டமைப்புக்கு நான் வைக்கிற கோரிக்கை மூன்று. தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளும்படி செயலாளர் அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்தணும். அந்த ஒரு மணி நேரம் வட்டம்தான். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் குழு என்று பார்க்காமல் கலந்து நிற்கணும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது ஆள் பாட்டு எடுக்கணும். வரவில்லை என்றால் மற்றவர்கள் தன்னானே போட்டுத் தாங்கணும்.

இரண்டு, அந்த ஒரு மணி நேரம் செல்போன் எல்லாம் ஒரு கூடைக்குள் போகணும். குழுப் பணத்தைப் பெட்டியில் போட்டு நடுவில் வைக்கிறோமே, அது மாதிரி கூடையை வட்டத்துக்கு நடுவில் வைப்போம். யாருக்கும் சந்தேகம் வராது. விழாவுக்குப் படம் வேண்டும் என்றால் அதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று, தாளத்துக்குப் பறை அடிக்கிற அண்ணன்மாரைக் கூப்பிடுவோம். ஆனால் அவர்களை ஓரத்தில் நிறுத்தி, கடைசியில் சோறு போட்டு அனுப்புவது இந்தக் கூட்டமைப்பில் இருக்கக் கூடாது. வெத்தலை பாக்கு வைத்து அழைத்து, நாற்காலி போட்டு, நம்மோடு பந்தியில் உட்கார வைத்து, பேசின கூலியை மேடையிலேயே கொடுக்கணும். அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தது இந்த நாடு. நாட்டுக்குத் தெரிந்த மரியாதை நமக்கும் தெரியணும். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று பெண்களே பறை அடிக்கிற குழு ஒன்று இருக்கிறது. நம்ம பிள்ளைகளில் ஆசை இருக்கிறவர்கள் கற்றுக்கொள்ள விரும்பினால் தடுக்காதீர்கள்.

இந்த மூன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை. செட்டுக்காரருக்குக் கொடுக்கிற பணத்தில் கொஞ்சம் மிச்சம்கூட ஆகும், பொருளாளர் அக்கா சந்தோஷப்படும்.

வீட்டில் சில பேர் கேட்பார்கள், "பொம்பளைங்க கூடிக் கும்மாளம் போடுறதுக்கா குழு?" என்று. அவர்களுக்கு நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை நடக்கிறது. அங்கே எழுந்து தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்கிறவர்களைப் பாருங்கள். எங்க ஊரில் கேட்கிற பெண்கள் அத்தனை பேரும் கும்மியில் பாட்டு எடுத்தவர்கள்தான். அங்கேயும் எழுதிக் கொண்டு போன கேள்விக்கு ஒரு மழுப்பலான பதில் வரும். அந்தப் பதிலில் இருந்தே அடுத்த கேள்வியைப் பிடிக்கணும். விட்ட இடத்தில் பிடிக்கிற அந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறார்கள், சமையல் பந்தலில் இருந்து சாம்பார் வாசம் வருகிறது. நான் முடித்துக்கொள்கிறேன். சாப்பிட்டுவிட்டு உடனே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். மூன்றரை மணி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வேப்பமரத்தடியில் இடம் இருக்கிறது, அப்பத்தாமார் இருக்கிறார்கள். கூடை ஒன்று நான் கொண்டு வந்திருக்கிறேன். முதல் பாட்டை யார் எடுப்பது என்று பந்தியில் பேசி முடிவு செய்யுங்கள். யாரும் வரவில்லை என்றால், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று முதலில் சொல்கிறவளைத்தான் பிடித்து இழுப்போம்.